கடைசி வண்டியின் எண்

ஆல்டர்பெக் நிலையத்தில் நாள்தோறும் 1964ஆம் ஆண்டு செப்டம்பர் ஐந்தாம் தேதிதான், சனிக்கிழமைதான். வேறு எந்த நாளும் அங்கே விடிந்ததில்லை. பதினான்கு அடி நீளமும் இரண்டரை அடி அகலமும் கொண்ட பலகையின்மேல், உண்மையின் நூற்று நாற்பத்தெட்டில் ஒரு பங்காக, எங்கள் சங்கத்தார் எழுவர் இருபத்தாறு ஆண்டுகள் உழைத்துக் கட்டிய சிற்றுரு ரயில் நிலையம் அது. தண்டவாளத்தின் அகலம் ஒன்பது மில்லிமீட்டர். எஞ்சின் ஒன்றின் நீளம் ஒரு மனிதனின் சுண்டுவிரலைக் காட்டிலும் சற்றே அதிகம்.

அந்தச் சனிக்கிழமையன்றுதான் ஆல்டர்பெக் கிளைப்பாதை நிரந்தரமாக மூடப்பட்டது. காலை ஆறு ஐம்பதுக்கு வந்த முதல் வண்டியிலிருந்து மாலை ஆறு நாற்பதுக்குப் புறப்பட்ட கடைசி வண்டிவரை, அன்று ஓடிய பதினொரு வண்டிகளையும் அதே வரிசையில் நாற்பது நிமிடங்களில் ஓட்டி முடிப்போம். முடிந்ததும் மீண்டும் காலை ஆறு ஐம்பது.

செவ்வாய்தோறும் மெத்தடிஸ்ட் தேவாலயக் கூடத்தின் மாடியில் நாங்கள் கூடுவோம். நான் சங்கத்தின் செயலாளன். பெயர் லெஸ்லி ஆர்மரோட். நகராட்சியின் வீட்டுவரி அலுவலகத்தில் முப்பத்துநான்கு ஆண்டுகள் பணியாற்றியவன். சங்கம் தொடங்கிய அன்றே நான் எழுதிய விதி, தட்டச்சு செய்யப்பெற்றுக் கண்ணாடிச் சட்டத்துக்குள் இன்றும் அங்கே தொங்குகின்றது: "அன்று ஆல்டர்பெக்கிற்கு வந்ததாகச் சான்று உள்ள எஞ்சின் மட்டுமே தண்டவாளத்தில் ஏறும். புகைப்படம், பணிமனைப் பதிவேடு, அந்நாளிலேயே எழுதப்பட்ட குறிப்பு ஆகியவை சான்றுகள். நினைவு சான்றாகாது."

இவ்விதியின்படி பல எஞ்சின்களை நான் திருப்பி அனுப்பியிருக்கின்றேன். ஒருவர் தம் மனைவி பிறந்தநாளுக்கு வாங்கித் தந்த பச்சை எஞ்சினைக் கொண்டுவந்தார். அவ்வகை எஞ்சின் எங்கள் மலைப்பக்கம் வந்ததே இல்லை என்று கூறி அனுப்பினேன். மற்றொருவர் கொண்டுவந்ததன் அசல் எஞ்சின், குறித்த நாளுக்கு மூன்று வாரங்களுக்கு முன்பே உடைக்கப்பட்டுவிட்டது. வருந்தினார். விதி விதிதானே.

விதிக்கு உட்படாத எஞ்சின் ஒன்றே ஒன்று இருந்தது. அது என் தந்தையின் எஞ்சின்.

என் தந்தை ஹரோல்ட் ஆர்மரோட் அக்கிளைப்பாதையின் ஓட்டுநர். கடைசி வண்டியை ஓட்டியவர் அவரே. அன்று எனக்குப் பன்னிரண்டு வயது. பொன்னுக்கு வீங்கியால் கன்னம் புடைத்துப் படுக்கையில் கிடந்தேன். ஊரே மேடையில் நின்று கையசைத்த நேரத்தில் நான் என் அறையின் சன்னல் வழியாக அவ்வண்டியின் ஊதலை மட்டும் கேட்டேன். அந்த ஆண்டு முழுவதும் அவர் பெரும்பாலும் ஓட்டியது 318. எண்களின் கடைசி மூன்று இலக்கங்களால்தான் எஞ்சின்களை நாங்கள் அழைப்போம். பத்து ஆண்டுகள் கழித்து, நான் வேலைக்குச் சேர்ந்தபின் வந்த முதல் கிறிஸ்துமஸில், அவ்வகை எஞ்சினின் சிறு உருவம் ஒன்றை வாங்கி, எண்ணை மாற்றி, கடைசி வண்டிக்கு அணிவிப்பதுபோல் முகப்பில் பருப்பளவு மலர்வளையமும் கட்டி அவருக்குப் பரிசளித்தேன்.

"அப்பா, கடைசி நாள்ல நீங்க ஓட்டினது. 318 தானே?" என்றேன்.

"ஆமாமா, அதேதான்," என்றார் தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல். பிறகு அதை வாங்கித் தொலைக்காட்சிப் பெட்டியின் மேலேயே வைத்தார்.

அவர் இறந்த இரண்டாம் ஆண்டில் ஆல்டர்பெக் பலகையின்மேல் முதன்முதலாக ஏறியது அந்த 318தான். ஓட்டுநரின் வாய்ச்சொல்லே சான்று என்று குறிப்பேட்டில் எழுதினேன். எவரும் மறுக்கவில்லை, வில்ஃப் ஒருவனைத் தவிர.

வில்ஃப் பார்க்கின் என்னைவிட மூன்று வயது மூத்தவன். ஆயினும் பள்ளிக் காலம் முதலே எங்களுக்குள் 'டா' போட்டுத்தான் பேச்சு. ஆல்டர்பெக்கின் கல்பாலத்தைக் கல் கல்லாகச் செதுக்கியவன் அவன்தான். தொடக்கத்திலிருந்தே, கடைசி வண்டி புறப்படும்போதெல்லாம், "வேற எஞ்சின்டா அது," என்று முணுமுணுப்பான். நாங்கள் சிரிப்போம். பணி ஓய்வு பெற்றதும் ஓர் ஆண்டு உட்கார்ந்து தானே ஓர் எஞ்சினைச் செய்து, தீப்பெட்டியில் வைத்து எடுத்துவந்தான். எண் 274. இது நடந்தது பதினொரு ஆண்டுகளுக்கு முன்பு.

"அன்னைக்கு நான் மேடையில நின்னேன்டா, லெஸ்," என்றான். "எனக்குப் பதினஞ்சு வயசு. 274தான் இழுத்துச்சு. உங்கப்பாதான் ஓட்டினாரு, அதுல சந்தேகமில்ல. ஆனா 274. எஞ்சின் நம்பர் எழுதி வெக்கற என் நோட்டுல அவரே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தாரு."

"அப்ப நோட்டைக் கொண்டா."

"அதான் வீடு மாறினப்ப எங்கேயோ போயிடுச்சே. தெரியாத மாதிரி கேக்கறியே."

"நினைவு சான்றாகாதுடா. சுவத்துல இருக்கு, பாரு."

"உங்கப்பா சொன்னா சான்று, நான் கண்ணால பாத்தா கதையா?"

"அவர் ஓட்டுநர்டா. நீ வேடிக்கை பாத்தவன்."

அறையில் இருந்தோர் சிரித்தனர். அச்சிரிப்பு எனக்கு இனித்தது என்பதை இங்கே மறைக்க விரும்பவில்லை. வாக்கெடுப்பு நடந்தது, ஒருவருக்கு அறுவராக அவன் தோற்றான். தீப்பெட்டியை மூடிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனவன் மீண்டும் வரவில்லை. அவன் கட்டிய பாலத்தின் மேல் எங்கள் வண்டிகள் தொடர்ந்து ஓடின. கடைத்தெருவில் எதிர்ப்பட்டால் வானிலையைப் பற்றி மட்டும் பேசுவான். சென்ற நவம்பரில் இறந்தான்.

இவ்வாண்டு மார்ச் மாதத்தில், எங்கள் வருடாந்தரக் கண்காட்சிக்குப் பன்னிரண்டு நாள்கள் இருக்கையில், வில்ஃபின் மனைவி டோரீன் என் வீட்டுக் கதவைத் தட்டினாள். ஆலைச் சிற்றுண்டிச்சாலையில் முப்பது ஆண்டுகள் நின்ற பெண். நனைந்த மேலங்கியைக் கழற்ற மறுத்து, சமையலறை மேசைமேல் ஒரு பழைய பிஸ்கட் டின்னை வைத்தாள்.

"பயப்படாத, பிஸ்கட் இல்ல," என்றாள். "மக வீட்டுப் பக்கத்துல சின்ன ஃபிளாட்டுக்குப் போறேன். பரணைக் காலி பண்ணேன். தண்ணித் தொட்டிக்குப் பின்னால இது கெடந்துச்சு. உள்ள அவரோட நோட்டு இருக்கு. பூரா நம்பரு. எனக்கு ஒண்ணும் வெளங்கல. கண்ணாடி போட்டாலும் பென்சில் எழுத்து தெரியல."

"தேநீர் போடட்டுமா, டோரீன்?"

"வேணாம். நீ போடுற டீ எப்படி இருக்கும்னு வில்ஃப் சொல்லியிருக்காரு." டின்னுக்குப் பக்கத்தில் ஒரு தீப்பெட்டியையும் வைத்தாள். "இதுதான் அந்த எஞ்சின். நோட்டுல அந்த நாள் இருக்கான்னு பாரு. இருந்தா, உங்க ஷோவுல ஒரே ஒரு தடவை இதை ஓட்டணும். அந்தக் கடைசி வண்டியா. நான் வந்து பாப்பேன். அவ்வளவுதான் நான் கேக்கறது."

"இல்லேன்னா?"

"இல்லேன்னா நீ சொன்னதுதான் சரி. அதையும் வந்து சொல்லு." அவள் டின்னை என் பக்கம் தள்ளினாள். "வேற யார்கிட்டயும் குடுக்கல. உனக்குத்தான் இது படிக்கத் தெரியும்."

அவள் சென்றபின் நோட்டைப் பிரித்தேன். சிவப்பு அட்டை, மூலைகள் மடங்கி ஈரத்தில் ஊறியவை. பதினைந்து வயதுச் சிறுவன் ஒருவனின் ஒழுங்கான பென்சில் எழுத்து. தேதி, இடம், நேரம், எண். முதன்முறையாகக் கண்ட எண்ணின்கீழ் ஒரு கோடு. நானும் அவ்வாறே எழுதியவன். எங்கள் ஊர்ப் பையன்கள் எல்லாரும் அவ்வாறே எழுதினர். ஆகவே தேடுவதற்கு எனக்கு ஒரு நிமிடம்கூடத் தேவைப்படவில்லை.

"5.9.64. சனி. ஆல்டர்பெக். மாலை 6.40. கடைசி வண்டி. 274."

அதன்கீழ் வேறொரு கையெழுத்து. என் பள்ளி மதிப்பெண் அட்டைகள் அனைத்திலும் விழுந்த கையெழுத்து. முதல் எழுத்தின் கால் எப்போதும் கோட்டுக்குக் கீழே நீண்டுவிடும்.

"ஓட்டியவன் நான். 274. ஆவியே பிடிக்காத சனியன். தொலைந்தால் சரி. ஹெ. ஆர்மரோட்."

நான் அதை நான்கு முறை படித்தேன். என் தந்தை பொய் சொல்லவில்லை. பொய் சொல்வதற்கும் சிறிது அக்கறை வேண்டும். நான் பரிசை நீட்டியபோது அவர் எண்ணைப் பார்க்கவே இல்லை, அவ்வளவுதான். இருபத்தெட்டு ஆண்டுகள் கரியிலும் புகையிலும் நின்றவருக்கு எஞ்சின்கள் எல்லாம் ஒன்றே. அந்த "ஆமாமா" என்னும் ஒற்றைச் சொல்லைச் சட்டம்போல் பிடித்துக்கொண்டவன் நான். அச்சொல்லின்மேல் ஒரு நிலையத்தைக் கட்டி, அச்சொல்லால் என் நண்பனைப் படியிறக்கியவனும் நானே.

நான் செய்ய வேண்டியது எளிதாக இருந்தது. செவ்வாய்க்கிழமை நோட்டை மேசைமேல் வைத்து, பக்கத்தைத் திறந்து காட்டினால் போதும். அவ்வாறு காட்டினால் 318 இறங்கிவிடும். என் தந்தை எனக்கு விட்டுச்சென்ற ஒரே சொல்லும் அதனோடு இறங்கிவிடும். ஐவர் முன்னிலையில், நான் தட்டச்சு செய்த விதியின்கீழ்.

புதன்கிழமை டின்னை எடுத்துக்கொண்டு டோரீனின் வீட்டிற்குச் சென்றேன். நடைக்கூடம் முழுவதும் அட்டைப் பெட்டிகள். கதவோரத்தில் பழைய செய்தித்தாள்கள் எறிவதற்காகக் கயிற்றால் கட்டப்பட்டு முழங்கால் உயரம் நின்றன.

"அந்த நாள் இல்ல, டோரீன்," என்றேன். "ஆகஸ்டோட நின்னுடுது."

 அவள் நோட்டை வாங்கி, படிக்கத் தெரியாத பக்கங்களைப் புரட்டினாள்.

"இல்லையா?"

"இல்ல."

"அப்ப மனுஷன் கனவு கண்டிருக்காரு." அவள் சிரிக்க முயன்றாள். "ஆஸ்பத்திரியில கெடந்தப்பகூட அதே பேச்சு, லெஸ். 'அவங்கப்பா என் முதுகையே டெஸ்க்கா வெச்சு எழுதினாரு டோரீன்'னு சொல்லுவாரு. முதுகுல பென்சில் ஊர்றது இன்னும் தெரியுதும்பாரு. நாப்பத்தாறு வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கேன். இந்த மனுஷன் புளுகுவாருன்னு எனக்குத் தெரியாமப் போச்சே."

"புளுகுன்னு சொல்ல முடியாது. ஞாபகம் பிசகியிருக்கும்."

"எல்லாம் ஒண்ணுதான்." நோட்டைச் செய்தித்தாள் கட்டின்மேல் போட்டாள். அது வழுக்கி ஒருபுறம் சாய்ந்தது, காலால் நேர்ப்படுத்தினாள். "எஞ்சினை நீயே வெச்சுக்க. நான் எங்க வெக்கறது அதை."

நோட்டு எங்கே விழுந்தது என்பதை நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டே குடையை விரித்தேன்.

கண்காட்சிக்கு முந்தைய மாலை, பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடத்தில் பலகைகளை இணைத்தபின், மற்றவர்கள் மதுக்கடைக்குச் சென்றுவிட்டனர். நான் தீப்பெட்டியைத் திறந்தேன். பதினொரு ஆண்டுகளில் அந்த எஞ்சினை நான் ஒருமுறைகூடக் கையில் எடுத்துப் பார்த்ததில்லை. அன்று வாக்கெடுப்பின்போதும் எண்ணை மட்டுமே பார்த்தேன். கரிப்பெட்டியில் உண்மையான நிலக்கரியை இடித்துத் தூவியிருந்தான். புகைபோக்கியின் பின்புறம் கொதிநீர்ச் சுண்ணாம்பு வழிந்த வெள்ளைக் கறைகூட இருந்தது. பூதக்கண்ணாடியை எடுத்தேன். ஓட்டுநர் அறையில் ஒருவர் சன்னல்மேல் முழங்கை ஊன்றி நின்றார். கழுத்தில் சிவப்புக் கைக்குட்டை. தொப்பி பின்னந்தலைக்குத் தள்ளப்பட்டிருந்தது. என் தந்தை அதை அவ்வாறே அணிவார். ஆள் மொத்தமும் ஓர் அரிசியைவிடச் சற்றுப் பெரியவர்.

என் 318இன் ஓட்டுநர் அறை காலியாகவே இருந்தது. அதில் ஆள் வைக்க வேண்டும் என்று எனக்கு நாற்பத்திரண்டு ஆண்டுகளாகத் தோன்றவில்லை.

இடுக்கியால் மலர்வளையத்தை 318இலிருந்து கழற்றி 274இன் முகப்பில் மாட்டினேன்.

மறுநாள் சனிக்கிழமை கூட்டம் நன்றாகவே இருந்தது. சங்கத் தலைவர் நெவில் பெருத்த உடலும் அதைவிடப் பெருத்த குரலும் உடையவர். ஒலிபெருக்கியைக் கையில் எடுத்தால் கீழே வைக்க மாட்டார். பகல் பதினொன்றரை மணிக்கு எங்கள் மாலை ஆறு நாற்பது வந்தது. நான் பலகையின் பின்திரைக்கு அப்பாலிருந்து வேகக் குமிழைத் திருப்பினேன். 274 மூன்று பெட்டிகளை இழுத்துக்கொண்டு மேடையைவிட்டு நகர்ந்தது. இவ்வளவு மெதுவாக, இவ்வளவு சீராக 318 ஒருநாளும் புறப்பட்டதில்லை.

"இதோ பாருங்க, கடைசி வண்டி," என்றார் நெவில். "இழுக்கறது 318. ஓட்டினவரு நம்ம லெஸ்லியோட அப்பா. ஒவ்வொண்ணுக்கும் இங்க சான்று இருக்கு. இவர்கிட்ட தப்பு நடக்காது, தப்பு நடந்தா தண்டவாளமே மன்னிப்புக் கேக்கும்."

மக்கள் சிரித்தனர், கைதட்டினர். முன்வரிசையில் நின்றவர்களுள் இருவர் பிற சங்கங்களின் செயலாளர்கள். ஒருவரும் வேறுபாட்டைக் காணவில்லை. காண இயலாது. எண்ணின் உயரம் ஓர் எள்ளளவு. வண்டி நகரும்போது அது ஒரு வெள்ளைக் கீறல் மட்டுமே. பதினொரு ஆண்டுகளும் 274ஐ ஓட்டியிருக்கலாம். எவருக்கும் தெரிந்திருக்காது, வில்ஃப் ஒருவனைத் தவிர எவருக்கும் அது தேவைப்பட்டிருக்கவும் செய்யாது.

பார்வையாளரைத் தடுக்கும் கயிற்றுக்கு அப்பால் டோரீன் காகிதக் குவளையில் தேநீருடன் நின்றிருந்தாள். வண்டி குகைப்பாதைக்குள் மறைந்தபின் என் பக்கம் வந்தாள்.

"பாத்துட்டேன்," என்றாள். "உங்கப்பாவுக்கு இன்னைக்கும் நல்ல கைதட்டு."

"அது 318 இல்ல, டோரீன்."

"நெவில் கத்தினது எனக்குக் கேட்டுச்சு. கண்ணுதான் போச்சு, காது இருக்கு."

"நெவிலுக்குத் தெரியாது. அது வில்ஃபோட எஞ்சின்."

"எதுக்கு? கெழவி மனசு ஆறட்டும்னா?"

"அந்தப் பக்கம் நோட்டுல இருக்கு," என்றேன். "அப்பா கையெழுத்தோட. வில்ஃப் சொன்னது சொன்னபடி இருக்கு. நான் பொய் சொன்னேன்."

அவள் குவளையை வாயருகே கொண்டுபோய், குடிக்காமல் இறக்கினாள். எங்களுக்குப் பின்னால் நெவில் பரிசுச்சீட்டு எண்களை வாசிக்கத் தொடங்கியிருந்தார்.

"போன ஞாயித்துக்கிழமை அவர் கல்லறைக்குப் போனேன்," என்றாள். "பூ வெச்சுட்டு, 'என்னத்துக்குய்யா கடைசி வரைக்கும் என்கிட்ட புளுகின'ன்னு திட்டிட்டு வந்தேன். சத்தமாத்தான் திட்டினேன். பக்கத்துல ஒருத்தி திரும்பிப் பாத்தா."

"டோரீன், அந்த நோட்டை நான் வாங்கிக்கறேன். செவ்வாய்க்கிழமை எல்லார் முன்னாலயும் வெக்கறேன். விதிப்படி 274 ஏறிடும். நிரந்தரமா."

"நீலத் தொட்டி வியாழக்கிழமை எடுப்பாங்க."

எனக்கு முதலில் விளங்கவில்லை. எங்கள் தெருவில் நகராட்சி வண்டி பழைய காகிதம் எடுப்பது வெள்ளிக்கிழமை.

"பேப்பர் கட்டோட போயிடுச்சு, லெஸ். நான் அது மேல போட்டப்ப நீ அங்கதானே நின்ன. பாத்துக்கிட்டுத்தானே குடையை விரிச்ச."

நான் நெவிலின் பக்கம் திரும்பினேன். 

"எஞ்சினைக் குடு," என்றாள்.

திரைக்குப் பின்னால் சென்று, 274ஐ எடுத்து, மலர்வளையத்தைக் கழற்றி, தீப்பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தேன். அவள் அதைத் திறந்து பார்க்கவில்லை. கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"அவருக்குத் தெரிஞ்சிருக்கும், நீ இப்படித்தான் பண்ணுவேன்னு," என்றாள். "எனக்குத்தான் தெரியல." தேநீர்க் குவளையை எங்கள் பலகையின் ஓரத்தில், வில்ஃபின் பாலத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுச் சென்றாள்.

கூடம் மூடியபின் நெவிலிடமும் மற்றவர்களிடமும் அனைத்தையும் கூறினேன். நெவில் நாற்காலியில் அமர்ந்து முட்டை சாண்ட்விச்சை முடித்துவிட்டே வாயைத் திறந்தார்.

"நீ இப்ப சொல்றியே, அந்த நோட்டுல பாத்தேன்னு. வேற யாராவது பாத்தாங்களா?"

"இல்ல."

"நோட்டு எங்க?"

"போயிடுச்சு."

"அப்ப உனக்கு ஞாபகம் இருக்குது, அவ்வளவுதானே." அவர் குரலில் கேலி இருந்ததா என்று என்னால் உறுதியாகக் கூற இயலவில்லை. "ரூல் உன்னோடதுப்பா, லெஸ். நாங்க யாரும் எழுதல. அதை வெச்சு எத்தனை பேரைத் துரத்தின. இப்ப உனக்காக மாத்தச் சொல்றியா?"

"318ஐ ஓட்டாம இருக்கலாம்."

"போஸ்டர்ல போட்டிருக்கோம். நாளைக்கும் ஜனம் வரும்." கையிலிருந்த துணுக்குகளைத் தட்டினார். "சரி, ஓட்டெடுத்துடுவோம். 318 இருக்கட்டும்னு சொல்றவங்க?"

ஐந்து கைகள் உயர்ந்தன. வில்ஃபின் வாக்கெடுப்பில் உயர்ந்த அதே கைகள். என் கை மட்டும் இப்போது அவற்றுள் இல்லை. முடிவைக் குறிப்பேட்டில் எழுதுமாறு நெவில் என்னைப் பணித்தார். செயலாளன் நான்தானே. எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமை பகல் பதினொன்றரைக்கு மீண்டும் மாலை ஆறு நாற்பது ஆயிற்று. மலர்வளையத்தை 318இன் முகப்பில் மாட்டினேன். ஒரு பக்கம் சாய்ந்தது, இடுக்கியால் நேராக்கினேன். நெவில் ஒலிபெருக்கியில் என் தந்தையின் பெயரைச் சொன்னார். மக்கள் கைதட்டினர். பலகையின் ஓரத்தில் டோரீனின் குவளை ஈரவட்டம் ஒன்றை விட்டிருந்தது. அதைத் துடைக்க எவருக்கும் நேரம் இல்லை. நான் குமிழைத் திருப்பினேன். ஓட்டுநர் இல்லாத எஞ்சின் வில்ஃபின் பாலத்தின்மேல் ஏறியது.